எட்டாத பாடமும் எட்டும்

அரையாண்டுத் தேர்வு முடிந்து மதிப்பெண் பட்டியல் வீடு வந்து சேரும் நாள், பல குடும்பங்களில் அமைதி குலையும் நாளாக அமைந்துவிடுகிறது. ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே பள்ளியில் பயின்று, ஒரே விளக்கின் கீழ் அமர்ந்து படிக்கும் பிள்ளைகளுள் ஒருவன் முன்வரிசையில் நிற்கின்றான். மற்றொருவன் தட்டுத் தடுமாறுகின்றான். "உன் அண்ணனைப் பார்!" என்று தந்தை கடிந்துகொள்கிறார். "இவன் தலையில் ஒன்றும் ஏறாது" என்று தாய் மனம் வெதும்பிச் சொல்லிவிடுகிறாள். சொன்னவர்கள் மறுநாள் மறந்துவிடுவார்கள். கேட்ட பிள்ளை மறப்பதில்லை.

அண்மைக் காலத்தில் இதற்கு வேறொரு விளக்கமும் பரவி வருகிறது. பிள்ளைகளுள் சிலர் கண்ணால் கற்பவர், சிலர் காதால் கற்பவர், சிலர் கையால் கற்பவர். எவர் எவ்வகையினர் என்று கண்டறிந்து அவ்வகைக்கேற்பக் கற்பித்தால் எல்லாரும் தேறிவிடுவர் என்கிறார்கள். "மக்கு" என்ற பழிச்சொல்லைவிட இது எவ்வளவோ மேலானதே. ஆயினும் இது உண்மைதானா? பிள்ளைகளின் வாழ்வோடு தொடர்புடைய செய்தியாதலால், பெற்றோராகிய நாம் இதனைச் சற்று ஆழ்ந்து எண்ணிப் பார்ப்பது கடமையாகும். முதலில், கற்பிக்கும் முறைகளுள் பெயர்பெற்ற சிலவற்றை ஒப்பிட்டுக் காண்போம்.

மணலில் எழுதிய விரல்கள்

நம் முன்னோர் பயின்ற திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் எழுத்தைச் சொல்லுவார். பிள்ளைகள் உரத்த குரலில் திருப்பிச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதுவார்கள். காது கேட்கும், வாய் சொல்லும், விரல் வரையும், கண் காணும். ஆத்திசூடியும் எண்சுவடியும் இவ்வாறே நெஞ்சில் பதிந்தன. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் கேட்பான்.

சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர்க்கென நடந்த இல்லத்திற்கு 1789-இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுச் சமயகுரு, உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்து, அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணவரைக் கொண்டு இளையோருக்குக் கற்பித்தார். 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலால் இம்முறை இங்கிலாந்திலும் பரவி, "மதராஸ் முறை" என்றே பெயர் பெற்றது.

திண்ணைப் பள்ளியின் குறைகளையும் மறைத்தல் ஆகாது. பொருள் விளங்காமலே மனப்பாடம் செய்தவர் பலர். பிரம்பும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனையும் கல்வியோடு அச்சத்தையும் சேர்த்தே ஊட்டின. வழி நல்லதாயினும், அச்சம் அதன் பயனைப் பாதியாக்கியது.

இயேசு சபையார் வகுத்த ஒழுங்கு

புனித இஞ்ஞாசியாரின் மக்கள் 1599-இல் தம் பள்ளிகள் அனைத்திற்கும் பொதுவான கல்வி ஒழுங்கு ஒன்றை வகுத்தனர். அதன்படி, மாணவர் ஒரு பாடத்தைத் தாமே படிக்கப் புகுமுன், ஆசிரியர் அதன் பொருளையும் கடினமான இடங்களையும் விளக்கிக் காட்டுவார். பின் மாணவர் படிப்பர், எழுதுவர், ஒப்புவிப்பர். நேற்றைய பாடம் இன்று மீண்டும் கேட்கப்படும். வாரப் பாடம் முழுவதும் சனிக்கிழமையன்று திருப்பப்படும். அணிகளாகப் பிரிந்து ஒருவரையொருவர் வினவும் போட்டிகளும் உண்டு. நாகப்பட்டினத்தில் 1844-இல் தோன்றி, 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு இடம்பெயர்ந்த தூய வளனார் கல்லூரி போன்ற நிறுவனங்களின் வழியாக, இச்சபையின் கல்வி மரபு தமிழகத்தில் வேரூன்றியது.

இதன் வலிமை ஒழுங்கும் திருப்புதலும் ஆகும். ஆனால் வகுப்பு முழுவதும் ஒரே வேகத்தில் நடப்பதால், பின்தங்கிய மாணவன் மேலும் பின்தங்கும் ஆபத்தும் இதில் உண்டு.

ரோமையில் ஒரு மருத்துவ அம்மையார்

இவ்வாபத்தை உணர்ந்து வேறொரு வழி வகுத்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். இத்தாலியக் கத்தோலிக்கரான இவர் ஒரு மருத்துவர். அறிவு வளர்ச்சி குன்றியவர் என ஒதுக்கப்பட்ட சிறுவர்க்கு முதலில் கற்பித்தார். அவர்களுள் சிலர் பொதுத் தேர்வில் ஏனைய பிள்ளைகளுக்கு நிகராகத் தேறினர். ஊரார் அவரைப் பாராட்டினர்; அவரோ, நலமுள்ள பிள்ளைகள் ஏன் இவ்வளவே கற்கின்றனர் என்று எண்ணிக் கவன்றார். 1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, ரோமை நகரின் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார்.

அங்கே குழந்தைகள் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவி, ஒலியைச் சொல்லிக் கற்றனர். நம் திண்ணைப் பள்ளியின் மணலை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியுமோ? மணிகளைக் கோத்துப் பத்தையும் நூறையும் ஆயிரத்தையும் கையில் ஏந்திப் பார்த்தனர். ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் முன்னேறியது. 1939-இல் சென்னை அடையாற்றிற்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வந்த அம்மையார், உலகப் போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கோடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்து பணிபுரிந்தார்.

இதனோடு உறவுடைய முயற்சிகளை நம் அரசுப் பள்ளிகளும் கண்டுள்ளன. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் தமிழகம் முழுவதும் விரிவுபெற்ற செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் பாயில் அமர்ந்து, அட்டைகளைக் கொண்டு படிப்படியாக முன்னேறினர். 2022-இல் தொடங்கிய "எண்ணும் எழுத்தும்" திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளாகப் பகுக்கப்பட்டனர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரும்பு என்பது ஒரு பிள்ளையின் வகை அன்று. இன்று அப்பிள்ளை நிற்கும் படி. அரும்பு மொட்டாகும், மொட்டு மலராகும் என்ற நம்பிக்கை அப்பெயரிலேயே அடங்கியுள்ளது.

மூன்று பெட்டிகள்

இனி, முன்னர்ச் சொன்ன வகைப்பாட்டிற்கு வருவோம். 1983-இல் அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர், அறிவு ஒன்றன்று, மொழி, கணிதம், இசை எனப் பலவகைத் திறன்களாக அமைந்தது என்று எழுதினார். 1992-இல் நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் பிளெமிங் என்பவர், காண்டல், கேட்டல், படித்தெழுதல், செய்தல் என மாணவர் விரும்பும் வழிகளை அறிய வினாத்தாள் ஒன்றை வகுத்தார். நாளடைவில் இவையெல்லாம் கலந்து, ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு பெட்டியில் இடும் பழக்கம் பல நாடுகளிலும் பரவிற்று. திறன்கள் பல என்பது வேறு, கற்கும் வகை ஒன்றே என்பது வேறு என்று கார்ட்னரே பின்னாளில் தெளிவுபடுத்த நேர்ந்தது.

இக்கோட்பாடு மெய்யா என்று சோதிப்பது எவ்வாறு? கண்வழியினர் எனப்பட்டோருள் பாதிப் பேருக்குப் படத்தாலும், பாதிப் பேருக்குப் பேச்சாலும் ஒரே பாடத்தைக் கற்பிக்க வேண்டும். செவிவழியினருக்கும் அவ்வாறே செய்ய வேண்டும். பின்னர் எல்லாருக்கும் ஒரே தேர்வு வைக்க வேண்டும். அவரவர் தத்தம் வழியில் கற்றபோது மிகுதியாகத் தேறினால் கோட்பாடு மெய்; இல்லையேல் இல்லை. 2008-இல் ஹெரால்ட் பாஷ்லர் முதலிய நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தனர். இவ்வாறு முறையாகச் செய்யப்பட்ட சோதனைகள் மிகச் சிலவே என்பதையும், அவற்றுள் பல கோட்பாட்டிற்கு மாறான முடிவையே தந்தன என்பதையும் கண்டு, பள்ளிகள் இதனை நம்பிப் பொருளும் காலமும் செலவிடப் போதிய ஆதாரம் இல்லை என்று அறிவித்தனர்.

நம் அனுபவமும் இதற்குச் சான்று பகரும். பிள்ளைக்கு ஒருவழியில் விருப்பம் இருக்கலாம்; அவ்வழியிலேதான் அவனுக்கு எல்லாம் விளங்கும் என்பதில்லை. காதால் கற்பவன் என்று சொல்லிக் காவிரியின் போக்கை வரைபடமின்றிக் கற்பிக்க முடியுமா? கண்ணால் கற்பவள் என்று சொல்லி லகர, ளகர, ழகர வேறுபாட்டைப் படத்தால் மட்டும் உணர்த்த முடியுமா? கையால் செய்யாமல் நீச்சலோ தையலோ எவர் கற்றார்? பெரும்பாலும் வழியைத் தீர்மானிப்பது பாடத்தின் இயல்பே.

பெட்டியில் இடுவதில் வேறொரு தீமையும் உண்டு. "நான் படித்துக் கற்பவன் அல்லன்" என்று நம்பிவிட்ட சிறுவன் புத்தகத்தையே கைவிடக்கூடும். முன்பு "மக்கு" என்ற சொல் அடைத்த கதவை, இப்போது நயமான வேறொரு சொல் அடைத்துவிடுகிறது.

எங்கே தடை?

அப்படியானால் பிள்ளைகளிடையே வேறுபாடு இல்லையா? நிரம்ப உண்டு. ஒருவனுக்கு அடிப்படை விட்டுப்போயிருக்கும். கழித்தல் அறியாதவனுக்கு வகுத்தல் வராது. ஒருத்திக்குப் பாடமொழி புரியாதிருக்கும். ஒருவனுக்குப் பசி, ஒருத்திக்கு அச்சம், இன்னொருவனுக்கு வீட்டில் சச்சரவு. ஆகவே "இவன் எந்த வகை?" என்பதைவிட, "இவனுக்கு எங்கே தடை?" என்று கேட்பதே முறையாகும்.

பங்கு ஒன்றில் நடந்ததை இங்கே கூறுதல் பொருந்தும். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கரும்பலகையில் எழுதியதைத் தவறாகவே பெயர்த்தெழுதுவாள். கவனமில்லாதவள் என்று ஈராண்டுகள் ஏச்சு வாங்கினாள். கேட்டதை நன்றாகச் சொல்வதால், இவள் காதால் கற்பவள் போலும் என்றும் சிலர் முடிவு கட்டினர். மருத்துவ முகாமில் கண்ணைச் சோதித்தபோதுதான் தொலைவில் உள்ளது அவளுக்குத் தெரியவில்லை என்பது வெளிப்பட்டது. கண்ணாடி அணிந்த அன்று, "இவ்வளவு எழுத்தா பலகையில் இருக்கிறது!" என்றாளாம். அவளுக்கு வேண்டியிருந்தது புதிய கற்பிக்கும் முறையன்று, ஒரு கண்ணாடி.

வாயால் விடை கூறுவதில் கெட்டிக்காரராக இருந்தும், எழுத்துக்கூட்டிப் படிப்பதில் நெடுங்காலம் திணறும் பிள்ளைகளும் உண்டு. டிஸ்லெக்சியா எனப்படும் இக்குறை சோம்பலன்று, அறிவுக் குறைவுமன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைக் குறைபாடுகளுள் கற்றல் குறைபாடும் இடம்பெற்றுள்ளது. இத்தகைய பிள்ளைகளைத் தக்கவரிடம் காட்டினால், ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்துக் கற்பிக்கும் சிறப்புப் பயிற்சியும், தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் பெற வழியுண்டு.

தடை அறிந்து உதவுவது எத்தகைய பயன் தரும் என்பதற்குப் புனித ஜான் மரிய வியான்னியின் வாழ்வே சான்று. 1786-இல் பிரான்சு நாட்டில் உழவர் குடியில் பிறந்த அவர், புரட்சிக் காலத்தில் வளர்ந்தமையால் சிறு வயதில் முறையான கல்வி பெறவில்லை. 1813-இல் லியோன் குருமடத்தில் சேர்ந்தபோது, இலத்தீன் மொழியில் நடந்த பாடங்கள் அவருக்கு விளங்கவில்லை. தேர்வில் விடையளிக்க இயலாமல் வெளியேற நேர்ந்தது. எக்குய்லி ஊரின் பங்குத்தந்தை பாலே அவரைக் கைவிடவில்லை. தம் இல்லத்திலேயே இருத்தி, பிரெஞ்சு மொழி நூலைக் கொண்டு பொறுமையுடன் கற்பித்தார். தாய்மொழியில் வினவியபோது அதே மாணவர் தக்க விடை கூறினார். 1815-இல் குருவானார். ஆர்ஸ் என்னும் சிற்றூரில் அவரிடம் ஒப்புரவு பெற நாடெங்கிலுமிருந்து மக்கள் திரண்டனர். 1929-இல் திருச்சபை அவரைப் பங்குத்தந்தையர் அனைவரின் பாதுகாவலராக அறிவித்தது. அவருக்குத் தடையாயிருந்தது மந்தபுத்தியன்று, எட்டாத மொழி. அத்தடையைக் கண்டறிய அன்புள்ள ஓர் ஆசிரியர் வேண்டியிருந்தார்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

பெற்றோர் பலரும் நெடுநேரம் உழைப்பவர்கள். உயர்கல்வி பெறாதவர்களும் உண்டு. எனினும் அரைமணி நேரம் ஒதுக்கினாலே கீழ்க்காண்பவற்றைச் செய்யலாம்.

முதலாவது, மூடிய புத்தகம். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு குழுவினர் ஒரு பகுதியை நான்கு முறை படித்தனர். இன்னொரு குழுவினர் ஒருமுறை படித்து, மூன்று முறை பாராமல் நினைவுகூர்ந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, அவர்கள் 40 விழுக்காடும், நினைவுகூர்ந்தவர்கள் 61 விழுக்காடும் சொன்னார்கள். ஆகவே, "பத்துமுறை படி" என்பதைவிட, "புத்தகத்தை மூடிவிட்டுச் சொல், கேட்கிறேன்" என்பதே சிறந்தது. இதற்குத் தாய் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. கேட்கும் காது போதும்.

இரண்டாவது, இடைவெளி விட்டுத் திருப்புதல். தேர்வுக்கு முந்திய இரவில் மூன்று மணி நேரம் படிப்பதைவிட, மூன்று நாள்களில் ஒவ்வொரு மணி நேரம் படித்தது நீண்டநாள் நிற்கும். சனிக்கிழமைத் திருப்புதலை வகுத்த பழைய ஆசிரியர்கள் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

மூன்றாவது, ஒரே பாடத்தைப் பல வழிகளில் காட்டுதல். வாய்பாட்டை ஒப்புவிக்கட்டும், புளியங்கொட்டைகளை நான்கு நான்காக ஐந்து வரிசை அடுக்கி இருபது என்று எண்ணிப் பார்க்கட்டும், சதுரக் கட்டங்களில் வரையட்டும். அரை, கால், அரைக்கால் என்பவற்றைத் தட்டில் உள்ள தோசையே கற்பிக்கும். இது ஒரு பிள்ளைக்கு ஒரு வழி என்று பங்கிடுவதன்று; எல்லாப் பிள்ளைக்கும் எல்லா வழியையும் திறந்துவிடுவது. சொல்லும் படமும் சேர்ந்து வரும்போது இருவகையிலும் நினைவில் பதியும்.

நான்காவது, உடன்பிறந்தோருக்குக் கற்பித்தல். தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கும் அண்ணன், தனக்கு எங்கே விளங்கவில்லை என்பதை அப்போதுதான் உணர்கிறான். பழைய சட்டாம்பிள்ளை முறையின் நற்பயன் இது.

ஐந்தாவது, பிற பிள்ளைகளோடு ஒப்பிடாதிருத்தல். சென்ற மாதம் இருபது சொற்களில் எட்டைப் பிழையாக எழுதியவன், இம்மாதம் ஐந்தைப் பிழையாக எழுதினால், அதுவே அவ்வீட்டிற்கு நற்செய்தி. அவனை நேற்றைய அவனோடு மட்டுமே ஒப்பிடுங்கள். இவ்வளவும் செய்தும் முன்னேற்றம் காணாவிடில், அடிப்பதற்கு முன் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆசிரியரைச் சந்தித்துப் பேசுங்கள்.

மறைக்கல்வி வகுப்பிலும்

ஞாயிறு மறைக்கல்வி நடத்தும் சகோதர சகோதரிகளுக்கும் இது பொருந்தும். செபங்களைப் பிழையின்றி ஒப்புவிக்க இயலாத பிள்ளையைப் புதுநன்மை வாங்கும் வரிசையிலிருந்து அவசரப்பட்டு விலக்கிவிடாதீர்கள். அவன் செபத்தைப் பாடலாகக் கற்கலாம். நற்செய்திக் காட்சியை நடித்துக் காட்டலாம். அப்பத்தையும் இரசத்தையும் பீடத்திற்கு ஏந்திச் சென்று பொருள் உணரலாம்.

சிறுவயதில் பள்ளியில் அடிபட்டவர் புனித அகுஸ்தினார். தாய்மொழியை அச்சமின்றி எளிதில் கற்றதையும், வற்புறுத்தலால் கிரேக்க மொழியின்மீது வெறுப்புக் கொண்டதையும் தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் நினைவுகூர்கிறார். ஏறத்தாழ 400-ஆம் ஆண்டில், மறைக்கல்வி அளித்து வந்த தேயோகிராசியாஸ் என்னும் திருத்தொண்டருக்கு அறிவுரையாக அவர் ஒரு நூல் எழுதினார். கேட்போரின் நிலையறிந்து பேச வேண்டும். நின்றுகொண்டு கேட்பவர் களைத்தால் அமரச் செய்ய வேண்டும். எல்லாரிடமும் காட்ட வேண்டிய அன்பு ஒன்றே ஆயினும், அளிக்க வேண்டிய மருந்து ஒன்றல்ல என்பது அவர்தம் கருத்து.

நம் ஆண்டவர் இயேசு கற்பித்த முறையை எண்ணிப் பாருங்கள். உவமைகளால் செவிக்கு விருந்தளித்தார். வயல்வெளி மலர்களையும் வானத்துப் பறவைகளையும் சுட்டிக் கண்ணால் காணச் செய்தார். பாதங்களைக் கழுவிச் செய்துகாட்டினார். எம்மாவு செல்லும் வழியெல்லாம் மறைநூலை விளக்கினார். ஆயினும் அப்பத்தைப் பிட்டபோதே சீடரின் கண்கள் திறந்தன. காயங்களைத் தொட்டாலன்றி நம்பேன் என்ற தோமாவை அவர் தள்ளிவிடவில்லை; வேறோர் அறையில் தனியே பிரித்து வைக்கவுமில்லை. ஏனைய சீடர் நடுவிலேயே வந்து நின்று, அவன் நம்புவதற்குத் தடையாய் இருந்ததை நீக்கினார்.

அன்பார்ந்த பெற்றோரே, அடுத்த மதிப்பெண் பட்டியல் வரும் நாளில், கையொப்பம் இடுமுன் பிள்ளையை அருகில் அமர்த்துங்கள். "ஏன் இவ்வளவு குறைவு?" என்று தொடங்காமல், "உனக்கு விளங்காத பகுதி எது? காட்டு" என்று கேளுங்கள். அவன் விரல் சுட்டும் இடத்தில்தான் பாடம் தொடங்க வேண்டும். ஒரு வழி எட்டாவிடில் மறுவழி முயலுங்கள். நம்மைக் குறித்துப் பொறுமை இழக்காத இறைவன், அப்பிள்ளையை நம் பொறுமையை நம்பியே நம் கையில் ஒப்படைத்திருக்கிறார்.